பயிற்சிக் குடும்ப மருத்துவர்: பணி விதிகளும் பணியிடத் துணையும்

குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சி பெறுபவர் மாணவரும் ஆவார், மருத்துவமனையின் உழைப்பாளியும் ஆவார். படிப்புக்குக் கட்டணம் கட்டுகிறார். மருத்துவமனையிடமிருந்து மாத உதவித்தொகை வாங்குகிறார். காலையில் மூத்த மருத்துவரின் பின்னால் நின்று ரவுண்ட்ஸ் கேட்கிறார். அன்றிரவே காஷுவாலிட்டியில் நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதல் முடிவை எடுக்கிறார். இந்த இரட்டை நிலை எல்லா முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கும் பொது. குடும்ப மருத்துவம் எடுத்தவருக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு.

பொது மருத்துவமோ அறுவைச் சிகிச்சையோ எடுத்தவர் மூன்றாண்டும் ஒரே துறையில், ஒரே தலைவரின் பார்வையில் வளர்கிறார். குடும்ப மருத்துவம் எடுத்தவர் பொது மருத்துவம், குழந்தைகள் நலம், மகப்பேறு, அறுவைச் சிகிச்சை, தோல், கண், மனநலம், அவசரப் பிரிவு என்று போஸ்டிங் மாறிக்கொண்டே இருக்கிறார். எந்தத் துறையும் அவரைத் தன் ஆளாக நினைப்பதில்லை. ஆனால் தன் டூட்டிப் பட்டியலில் ஆள் குறையும்போது ஒவ்வொரு துறையும் அவரைத்தான் முதலில் தேடுகிறது. விடுப்பு கேட்டால் துறைத்தலைவர் குடும்ப மருத்துவப் பயிற்சியின் ஒருங்கிணைப்பாளரைக் கைகாட்டுவார். ஒருங்கிணைப்பாளர் துறைத்தலைவரைக் கைகாட்டுவார். ஊதியம், நேரம், விடுப்பு, பாதுகாப்பு என்று இந்த அத்தியாயம் பேசும் எல்லாவற்றிலும் பெரும்பாலான தகராறுகள் இங்கிருந்தே கிளம்புகின்றன. ஆகவே எந்த ஏற்பாட்டையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: துறை மாறினாலும் மாறாமல், இந்தப் பயிற்சியாளருக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒருவர் இருக்கிறாரா?

எந்தப் பாதை, எந்த விதி

இந்தியாவில் குடும்ப மருத்துவராகத் தேற இன்று மூன்று முழுநேரப் பாதைகள் உண்டு. முதலாவது, மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. குடும்ப மருத்துவம். இது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி இதில் முன்னோடி. இரண்டாவது, தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியத்தின் மூன்றாண்டு டி.என்.பி. பட்டம். 1975இல் தோன்றிய அந்த வாரியம், கல்லூரி அல்லாத பெரிய மருத்துவமனைகளுக்கும் பயிற்சி அங்கீகாரம் தருகிறது. மூன்றாவது, அதே வாரியம் 2020இல் எட்டுப் பாடங்களில் அறிவித்த ஈராண்டு டிப்ளமோ. அந்த எட்டில் குடும்ப மருத்துவமும் ஒன்று. வேலூர் சி.எம்.சி. 2006 முதல் நடத்திவந்த தொலைநிலைப் பயிற்சி வேறு வகை. ஏற்கெனவே எங்கோ வேலை பார்க்கும் மருத்துவர் அந்த வேலையை விடாமல் படிப்பது அது. அவருடைய பணி விதிகளை அவருக்கு வேலை தருபவரே தீர்மானிப்பார். இங்கே சொல்பவை அவருக்குப் பொருந்தா.

2002, 2017ஆம் ஆண்டுகளின் தேசிய சுகாதாரக் கொள்கைகள் இரண்டும் குடும்ப மருத்துவத்தை வளர்க்கச் சொல்கின்றன. 2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், முதுநிலைக் கல்வி வாரியத்தின் கடமைகளில் ஒன்றாகவே அதைச் சேர்த்திருக்கிறது. கொள்கை அளவில் இவ்வளவு ஆதரவு இருந்தும், நடைமுறையில் இந்தத் துறைக்கென்று தனி ஓ.பி.யும் தனி ஆசிரியர்களும் உள்ள மருத்துவமனைகள் குறைவு. சேரும் முன்பே இதை விசாரிப்பது நல்லது. குடும்ப மருத்துவம் என்று பலகை மாட்டிய ஓர் ஓ.பி. உண்டா, அதில் குடும்ப மருத்துவம் படித்த கன்சல்டன்ட் உட்காருகிறாரா, அல்லது பொது மருத்துவத்தில் ஒருவருக்குக் காகிதத்தில் மட்டும் பொறுப்புத் தரப்பட்டிருக்கிறதா என்பதை ஏற்கெனவே அங்கே படிக்கும் சீனியரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

சென்னையில் இடம் தேடுவோருக்கு, தென்சென்னை இந்தத் துறைக்கு அந்நியமான இடமல்ல. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை, வருமானத்துக்கு ஏற்ற சந்தாவில் குடும்பம் முழுவதையும் ஒரே அட்டையின்கீழ் கொண்டுவந்தது. சிறு சுகாதார மையங்கள் வழியே தன் வளாகத்துக்கு வெளியிலும் போனது. மயிலாப்பூரில் செயின்ட் இசபெல், கல்யாணி போன்ற மிஷன் மருத்துவமனைகள் தலைமுறைகளாகப் பக்கத்துத் தெரு மக்களைப் பார்த்துவருகின்றன. எந்த ஆண்டில் எந்த மருத்துவமனைக்கு எந்தப் பாடத்தில் எத்தனை இடம் என்பது மாறக்கூடியது. கலந்தாய்வின்போது வாரியத்தின் நடப்பு அங்கீகாரப் பட்டியலை மட்டுமே நம்ப வேண்டும். போன வருடம் இருந்தது என்பதற்காக இந்த வருடமும் இருக்கும் என்று இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சேரும்போது கையில் இருக்க வேண்டியவை

நீட் பி.ஜி. தேர்வு, கலந்தாய்வு, இட ஒதுக்கீட்டுக் கடிதம் ஆகியவை மருத்துவமனை வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். அங்கிருந்து பணி நிலைமையைத் தீர்மானிப்பது மருத்துவமனை தரும் சேர்க்கைக் கடிதம். ஒரே பக்கத்தில், சேர்ந்த தேதியும் துறையின் பெயரும் மட்டும் போட்டு அது வந்தால் போதாது. மாத உதவித்தொகை ஒவ்வோர் ஆண்டுக்கும் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வங்கிக் கணக்கில் ஏறும், என்னென்ன பிடித்தம், தங்குமிடம் உண்டா, விடுப்பை யார் ஒப்புவார், மூன்றாண்டுக்குமான சுற்றுப் போஸ்டிங் அட்டவணை எது, பொறுப்பு ஒருங்கிணைப்பாளர் யார் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கடிதத்தில் இல்லாதவற்றை மின்னஞ்சலில் பணிவாகக் கேட்டுப் பதில் வாங்கி வைக்கலாம். ‘பார்த்துக்கலாம் டாக்டர்’ என்ற வாய்ச்சொல் நிர்வாக அலுவலர் மாறினால் நிற்காது.

மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால், என்னென்ன கொடுக்கப்பட்டன என்று பட்டியலிட்ட ரசீது வாங்க வேண்டும். பிணைப் பத்திரம் உள்ள இடமா என்பதை இடத்தை உறுதிசெய்யும் முன்பே பார்க்க வேண்டும். அரசு இடங்களில் படிப்பு முடிந்தபின் கட்டாயப் பணி உண்டு. அதன் காலமும் தொகையும் அரசாணைக்கு அரசாணை மாறியிருக்கின்றன. சேரும் ஆண்டின் ஆணையே கணக்கு. வேறு மாநிலத்தில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவை முதல் வாரத்திலேயே தொடங்குவது நல்லது. மருந்துச்சீட்டிலும் சான்றிதழ்களிலும் கையெழுத்துப் போடும் தகுதி பதிவோடு சேர்ந்தது.

நடுவில் விலகுவது எளிதல்ல. குறித்த நாளுக்குப் பின் இடத்தை விட்டால், குறிப்பிட்ட காலத்துக்கு மறுபடி சேரத் தடை வரும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு யாரும் சேரக் கூடாது.

உதவித்தொகை

டி.என்.பி. பயிற்சியாளருக்கு மருத்துவமனை உதவித்தொகை தருவது கட்டாயம். எம்.பி.பி.எஸ். முடித்துச் சேர்பவருக்குத் தேர்வு வாரியம் வகுத்த கீழ்வரம்பு முதலாண்டில் மாதம் 35,000 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 37,000, மூன்றாம் ஆண்டில் 39,000. மாநில அரசு தன் முதுநிலை மாணவர்களுக்குத் தரும் தொகை இதைவிட அதிகமாக இருந்தால், அந்த அதிகத் தொகையைத்தான் தர வேண்டும். பலரும் இந்த விதியின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். வாரியத்தின் எண் ஒரு கீழ்வரம்பு மட்டுமே. சென்னையில் இருக்கும் மருத்துவமனை ஒப்பிட வேண்டியது தமிழ்நாடு அரசின் நடப்பு ஆணையோடு. மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிப்பவருக்கும் 2023ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் அரசுக் கல்லூரிக்கு இணையான தொகையையே சொல்கின்றன.

கட்டணத்தையும் உதவித்தொகையையும் கலக்கவிடக் கூடாது. கல்விக் கட்டணத்தை வாரியம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் ஆய்வகக் கட்டணம், வளர்ச்சி நிதி என்று மருத்துவமனை தனியாக வாங்க இடமில்லை. ஒரு கையால் கணக்கில் போட்டு மறு கையால் ரொக்கமாகத் திரும்பக் கேட்பது முறைகேடு. அப்படி ஒரு கோரிக்கை வந்தால், வந்த தேதியையும் கேட்டவர் பெயரையும் அன்றே எழுதி வைக்க வேண்டும்.

வருமான வரிப் பிடித்தத்தில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் வேறுபடுகிறது. சில இடங்களில் சம்பளமாகவும், சில இடங்களில் தொழில்முறைக் கட்டணமாகவும் காட்டுகிறார்கள். கல்வி உதவித்தொகை என்பதால் வரியே இல்லை என்று வாதிடுவோரும் உண்டு. எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைக் கணக்குப் பிரிவில் கேட்டு, பிடித்த வரி உண்மையில் தன் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. திட்டத்தின் ஊதிய வரம்பு 21,000 ரூபாய் என்பதால் இந்தத் தொகை பெறுபவர் அதற்குள் வரமாட்டார். எனவே பயிற்சியாளர் தானே நோயுற்றால் சிகிச்சைச் செலவு யாருடையது என்ற கேள்விக்கு மருத்துவமனை தெளிவான பதில் வைத்திருக்க வேண்டும். தன் பயிற்சி மருத்துவருக்குப் படுக்கைக் கட்டணம் போடும் மருத்துவமனை, அவரிடம் விசுவாசத்தை எதிர்பார்க்க முடியாது.

டூட்டி நேரம்

1987இல் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டைத் தொடர்ந்து, மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் மாதம் உறைவிட மருத்துவர்களுக்கான ஒரே சீரான திட்டத்தை வெளியிட்டது. ஜூனியர் உறைவிட மருத்துவர் சாதாரணமாக வாரம் 48 மணி நேரம் வேலை செய்ய வேண்டும்; ஒரே மூச்சில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; வாரம் ஒரு நாள் முறைவைத்து ஓய்வு. முப்பது ஆண்டு கடந்து வந்த 2023 விதிமுறைகளோ ‘நியாயமான வேலை நேரம், நியாயமான ஓய்வு, வார விடுமுறை’ என்று மட்டும் சொல்கின்றன. எண் போய்விட்டது. எண் இல்லாத விதியை டூட்டிப் பட்டியல் போடுபவர் தன் வசதிக்கு நீட்டிக்கொள்ளலாம். இது பின்னடைவு என்றே சொல்ல வேண்டும்.

மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆணையம் அமைத்த தேசியப் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கை மறுபடி ஓர் எண்ணைச் சொன்னது: வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாரம் ஒரு 24 மணி நேர டூட்டி, ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் முழு ஓய்வு. 1992இன் 48ஐ எங்கும் யாரும் நடைமுறைப்படுத்தவில்லை என்ற ஒப்புதல் இந்த 74க்குள் இருக்கிறது. ஆனாலும், வார விடுமுறையே இல்லாத இடங்களில் இந்தப் பரிந்துரையைக் காட்டிப் பேசத் தொடங்கலாம்.

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவப் பயிற்சிக்குப் போகும் தமிழ் மருத்துவர்கள் அங்கே முதலில் கவனிப்பது இந்த வேறுபாட்டைத்தான். அங்கே 2016 ஒப்பந்தப்படி சராசரி வாரம் 48 மணி நேரம்; எந்தத் தொடர்ச்சியான ஏழு நாளிலும் 72ஐத் தாண்டக் கூடாது; ஒரு ஷிஃப்ட் 13 மணி நேரத்துக்குள். மீறினால் பயிற்சியாளர் அதைப் பதிவு செய்யலாம். அந்தப் பதிவுகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு பாதுகாவலர் பதவி உண்டு. இதைவிட முக்கியமானது வேறொன்று. மருத்துவமனை, கிளினிக் என்று எங்கே சுற்றினாலும் பல வட்டாரங்களில் பயிற்சியாளருக்கு வேலை தரும் நிறுவனம் ஒன்றே. போஸ்டிங் மேற்பார்வையாளர் மாறுவார். கல்வி மேற்பார்வையாளர் பயிற்சிக் காலம் முழுக்கத் தொடர்வார். துறை துறையாகச் சுற்றும் மருத்துவர் அநாதையாகிவிடாமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த வழி இது. பணம் அதிகம் கேட்காத வழி என்பதால் இங்கேயும் எந்த மருத்துவமனையும் நாளையே தொடங்கலாம்.

சுற்றுப் போஸ்டிங்கில் டூட்டி நேரம் எகிறும் இடம் எது என்று பார்த்தால், அது மாதக் கடைசிதான். பழைய துறை 31ஆம் தேதி இரவு டூட்டி போட்டிருக்கும். புதிய துறை 1ஆம் தேதி காலை எட்டு மணிக்கு ரவுண்ட்ஸுக்கு வரச் சொல்லும். இரண்டு பட்டியலும் தனித்தனியே சரியானவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. இப்படி 24 மணி நேரத்தைத் தாண்டிய ஒருவர் குழந்தைகள் வார்டில் மருந்தளவு கணக்குப் போடுவது நோயாளிக்கு ஆபத்து. துறை மாறும் நாளுக்கு முந்தின இரவு டூட்டி கிடையாது என்று ஒரே வரியில் விதி எழுதிவிட்டால் இது தீரும். அதுவரை, பயிற்சியாளர் இரு துறைப் பட்டியலையும் ஒரு வாரம் முன்பே ஒப்பிட்டு ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

ஒவ்வொரு டூட்டியின் தொடக்க, முடிவு நேரத்தைச் சொந்தமாகக் குறித்துக்கொள்வதும் அவசியம். கைபேசிக் குறிப்பே போதும். ‘ரொம்ப நேரம் வேலை வாங்குகிறார்கள்’ என்பதைவிட ‘இந்த மாதம் ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை’ என்ற தேதிவாரிக் கணக்கு மருத்துவமனையின் குறைதீர்ப்புக் குழுவின் முன் நிற்கும்.

விடுப்பு

டி.என்.பி. பயிற்சியில் ஆண்டுக்கு 30 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். பொதுவாக அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துவைக்க முடியாது. எம்.டி.க்கு 2023 விதிமுறைகள் குறைந்தது 20 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பும், கருத்தரங்கு போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 5 நாள் கல்வி விடுப்பும் தருகின்றன. 80 விழுக்காடு வருகை கட்டாயம். தேர்வு வாரியம் பெண் பயிற்சியாளருக்கு மகப்பேறு விடுப்பும், ஆணுக்கு ஒரு வாரத் தந்தைமை விடுப்பும் அனுமதிக்கிறது. நீண்ட விடுப்பால் குறையும் நாட்களைப் பயிற்சியின் கடைசியில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். அது இறுதித் தேர்வுக்கான தகுதித் தேதியைத் தொடுகிறதா என்பதை விடுப்பில் போகும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் இரவு டூட்டியையும் கதிர்வீச்சு உள்ள இடங்களையும் தவிர்த்து போஸ்டிங் வரிசையை மாற்றித் தருவது சுற்றுப் பயிற்சியில் எளிது. குடும்ப மருத்துவத்துக்கு இருக்கும் ஒரு வசதி இது. மருத்துவமனைகள் இதைப் பயன்படுத்துவதில்லை.

விடுப்புக்கு இரு கையெழுத்து தேவைப்படுவதுதான் நடைமுறைத் தொல்லை. துறைத்தலைவருக்குத் தகவல், ஒருங்கிணைப்பாளருக்கு ஒப்புதல் அதிகாரம் என்று பிரித்துவிட்டால் அலைச்சல் குறையும். சொல்லாமல் போவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அனுமதியற்ற நீண்ட விடுப்பு பதிவையே ரத்தாக்கும் நிலைக்குக் கொண்டுபோகும்.

பயிற்சி என்பது வேலைக்குள் இருக்க வேண்டும்

உதவித்தொகையும் நேரமும் ஒழுங்காக இருந்து, கற்றல் இல்லாமல் மூன்றாண்டு கழிந்துவிட்டால் அதுவே பெரிய நஷ்டம். ஐ.சி.யு.வில் ஆள் குறைவு என்று மாதக்கணக்கில் அங்கேயே நிறுத்திவைப்பது, இன்சூரன்ஸ் படிவம் நிரப்பும் வேலையை அவர் தலையில் கட்டுவது, மாஸ்டர் ஹெல்த் செக்கப் கவுண்டரில் உட்காரவைப்பது ஆகிய மூன்றும் பரவலாக நடப்பவை. இவற்றில் எதுவும் ஒரு குடும்ப மருத்துவரை உருவாக்காது. அவருக்கு வேண்டியது, அதே நோயாளி மறுபடி மறுபடி வரும் ஓ.பி. சர்க்கரை நோயாளியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்றாண்டு பார்த்தவருக்குத்தான், மாத்திரையை ஏன் அவர் பாதியில் நிறுத்தினார் என்பது புரியும். எனவே எந்தத் துறையில் போஸ்டிங் இருந்தாலும் வாரம் அரை நாளாவது குடும்ப மருத்துவ ஓ.பி.க்கு விடுவிக்க வேண்டும் என்று சேர்க்கைக் கடிதத்திலேயே இருப்பது நல்லது.

தென்சென்னையின் சாந்தோம் இதற்கு ஏற்ற களம். நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம் மீனவர் குடியிருப்புகளும், மயிலாப்பூர் மாடவீதிகளின் தனித்து வாழும் முதியவர்களும், மந்தைவெளி அடுக்ககங்களும் ஒரே ஓ.பி.க்குள் வந்துவிடும் தூரம். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும், ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும், மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா மருத்துவமனையும் பக்கத்தில் உள்ளன. பயிற்சியாளரை இத்தகைய இடங்களுக்கும் வீட்டுச் சந்திப்புகளுக்கும் அனுப்பும்போது மருத்துவமனை சில பொறுப்புகளை ஏற்க வேண்டும்: போக்குவரத்து அல்லது அதற்கான செலவு, கூடவே ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ, போன இடமும் திரும்ப வேண்டிய நேரமும் தெரிந்த ஒருவர். தனியாக, சொந்த வண்டியில், யாருக்கும் தகவலின்றி ஓர் இளம் மருத்துவரை வீட்டுச் சந்திப்புக்கு அனுப்புவது பொறுப்பற்ற செயல்.

அகில இந்தியக் கலந்தாய்வு வழியே வருபவர்களில் தமிழ் தெரியாதவர்களும் உண்டு. மற்றத் துறைகளில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஓரளவு கைகொடுக்கும். குடும்ப மருத்துவத்தில் பேச்சுதான் கருவி. முதல் ஆறு மாதத்துக்கு வாரம் இரண்டு மணி நேரத் தமிழ் வகுப்பு, ஓ.பி.யில் உடன் பேசித்தர ஒரு செவிலியர் என்ற ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. பயன் நோயாளிக்கும் சேர்ந்தே கிடைக்கும்.

லாக் புக்கை அன்றன்றே நிரப்பி, போஸ்டிங் முடியும் வாரத்திலேயே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். துறை மாறியபின் பழைய கன்சல்டன்டைத் தேடி அலைவது இந்தப் படிப்பின் மாறாத துன்பம். வாரியம் ஆண்டுதோறும் நடத்தும் இடைநிலை மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று பகுதிகள் உண்டு: எழுத்துத் தேர்வு, பணியிட அடிப்படையிலான செய்முறை மதிப்பீடு, பின்னூட்டச் சந்திப்பு. மூன்றாவதைப் பல இடங்களில் கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள். பயிற்சியாளர் உட்கார்ந்து பேச விதி தரும் நேரம் அது; கேட்டு வாங்க வேண்டும். தீசிஸ் வழிகாட்டியை முதல் சில மாதங்களுக்குள் உறுதிசெய்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை விரைவில் பெறுவதும் இதனுடன் சேர்ந்தது.

உடல், சட்டப் பாதுகாப்பு

சேர்ந்தவுடன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நிலையைச் சோதித்து, தேவையானதை மருத்துவமனை செலவில் போட வேண்டும். ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியதை ஒவ்வொரு வார்டிலும் ஒட்டியிருக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்துக்குப் பின் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதை முதல் டூட்டிக்கு முன்பே கேட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

மருத்துவரையும் மருத்துவமனையையும் தாக்குவோருக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை அதில் உண்டு. இருந்தும் 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். அதற்கு மூன்று மாதம் முன் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனமே காவல்துறையில் புகார் பதிய வேண்டும் என்று மத்திய அரசு தன் மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. தனியார் மருத்துவமனைகளும் இதையே தம் விதியாகக் கொள்ள வேண்டும். அடிபட்ட பயிற்சியாளரைக் காவல் நிலையத்துக்குத் தனியே அனுப்பக் கூடாது. பூட்டக்கூடிய டூட்டி அறை, அதிலேயே கழிப்பறை, வழியெங்கும் வெளிச்சம் ஆகியவை அடிப்படைத் தேவைகள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் பயிற்சியாளரும் பணியாளரே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்விசாரணைக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஒருவர் தலைவராகவும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்களாகவும், வெளியாள் ஒருவரும் வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் மதிப்பெண் போடும் கன்சல்டன்டாக இருந்தால், மதிப்பீட்டை வேறொருவருக்கு மாற்றித் தரும்படி இடைக்கால நிவாரணம் கேட்கலாம்.

மருத்துவப் பிழை வழக்குகளில் பயிற்சியாளர் பெயரும் சேர்க்கப்படலாம். மருத்துவமனையின் இழப்பீட்டுக் காப்பீடு பயிற்சியாளரையும் உள்ளடக்குகிறதா என்று கேட்டு, இல்லையென்றால் சொந்தமாக எடுப்பது நல்லது. இரவில் கன்சல்டன்டிடம் தொலைபேசியில் பேசியதை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுவது நோயாளிக்கும் பாதுகாப்பு, எழுதியவருக்கும் பாதுகாப்பு.

மனநலம்

2024 பணிக்குழுவின் இணையவழிக் கணக்கெடுப்பில் பதிலளித்த முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தனர். தூக்கமின்மையும், எல்லோர் முன்னும் திட்டு வாங்கும் அவமானமும், உதவி கேட்டால் பலவீனமாகக் கருதுவார்கள் என்ற பயமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புது இடம், புது முகங்கள் என்று சுற்றுபவர் வாடிப்போவதை யாரும் கவனிக்காமலே போக வாய்ப்பு அதிகம். மூன்றாண்டும் மாறாத ஒரு வழிகாட்டி வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

சொந்த மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் போகத் தயங்குவது இயல்பு. வெளியே வழிகள் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. பேசுபவரின் விவரம் வெளியே போகாது. மத்திய அரசின் டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகியவற்றிலும் தமிழிலேயே பேசலாம். மனநலச் சிகிச்சை எடுப்பதைப் பயிற்சி மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது என்பதை மருத்துவமனை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

முறையீடு

முதலில் ஒருங்கிணைப்பாளர், எழுத்தில். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் மருத்துவமனையின் குறைதீர்ப்புக் குழு. தேர்வு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு மருத்துவமனையிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். நிறுவனத் தலைவர், மூத்த ஆசிரியர்கள், வெளி வல்லுநர் ஆகியோரோடு பயிற்சியாளர்களின் பிரதிநிதியும் அதில் இடம்பெறுவார். அங்கும் தீராவிட்டால் வாரியத்துக்கே எழுதலாம். எம்.டி. மாணவருக்குக் கல்லூரி முதல்வர், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், தேசிய மருத்துவ ஆணையம் என்று படி போகும். ராகிங் என்றால் எந்தப் படியும் காத்திருக்கத் தேவையில்லை; தேசிய உதவி எண் 1800-180-5522. தமிழ்நாடு 1997இலேயே ராகிங்குக்கு எதிராகச் சட்டம் இயற்றிய மாநிலம்.

தனியாகப் புகார் கொடுத்தால் தேர்வில் கைவைப்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஒரே தொகுதிப் பயிற்சியாளர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம் அந்தப் பயத்தைக் குறைக்கும். 2010இல் தொடங்கிய இந்தியக் குடும்ப மருத்துவர்கள் அகாதெமி போன்ற துறைசார் அமைப்புகளின் மூத்தவர்களிடம் ஆலோசனை கேட்பதும் பயன்படும். முறையீட்டில் கோபத்துக்கு இடம் வேண்டாம். எந்த விதி, எந்தத் தேதியில் மீறப்பட்டது, என்ன மாற்றம் தேவை என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் அடங்கினால் போதும்.

பயிற்சி தரும் மருத்துவமனைகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தொகுதி சேரும் முன் ஒரு கன்சல்டன்டைக் குடும்ப மருத்துவ ஒருங்கிணைப்பாளராக நியமித்து, வாரம் நான்கு மணி நேரத்தை அந்த வேலைக்கென ஒதுக்கி, அவருடைய பெயரையும் எண்ணையும் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்திலும் அச்சிடுங்கள்.